60 மடங்கு ஸ்கோப்: கண்ணாடி நல்லது, விளம்பரம்தான் தவறு

எட்டு மாதமாக என் கையில் இருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் இது; முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, முன் லென்ஸின் விட்டம் 80 மி.மீ. 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும். கப்பல் பார்க்கத்தான் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் "40 கி.மீ. வரை தெளிவாகத் தெரியும்" என்று போட்டிருந்தார்கள். எந்த உயரத்தில் நின்று பார்த்தால் என்று போடவில்லை. சர்வே வேலையிலேயே காலம் கழித்த எனக்கு அது உறுத்தியது.

முதல் நாள் கடற்கரையில் முக்காலியை நிறுத்தினோம். கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். 30 கி.மீ. தள்ளி ஒரு சரக்குக் கப்பல் போவதாகக் கைபேசியில் ஏ.ஐ.எஸ். செயலி (கப்பல்கள் தாமே அனுப்பும் இருப்பிடத் தகவலைக் காட்டுவது) காட்டியது. 60 மடங்கில் துழாவியும் வெறும் தண்ணீர்தான். "தாத்தா, இது ரிப்பேரா?" என்றான் பேரன்.

ரிப்பேர் இல்லை. லெவலிங்கில், அதாவது நிலத்தின் உயர வித்தியாசத்தை அளக்கும் சர்வே வேலையில், பூமியின் வளைவுக்கும் காற்றில் ஒளி வளைவதற்கும் சேர்த்து ஒரு திருத்தம் போடுவோம்: கி.மீ.யில் தூரத்தின் வர்க்கத்தை 0.0673-ஆல் பெருக்கினால், வளைவில் எவ்வளவு உயரம் மறையும் என்பது மீட்டரில் வரும். அந்தக் கணக்குப்படி 2 மீட்டர் உயரக் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்தரை கி.மீ.தான். அதற்கப்பால் மிச்சமுள்ள இருபத்து நாலரை கி.மீ.யில் 40 மீட்டர் மறைந்துவிடும். அந்தக் கப்பலின் உச்சியே 35 மீட்டர்தான் இருக்கும்.

ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கரையோர மொட்டை மாடிக்கு ஏறினோம். கண் இப்போது 10 மீட்டர் உயரத்தில். தொடுவானம் 12 கி.மீ.க்குத் தள்ளிப்போனது, மறையும் உயரம் 21 மீட்டராகக் குறைந்தது. 20 மடங்கிலேயே கப்பலின் மாடிக்கட்டும் கம்பமும் தண்ணீரிலிருந்து முளைத்தாற்போல் நின்றன. உடல் பகுதி கடலுக்குக் கீழே. பேரன் கண்ணை எடுக்கவே இல்லை. நாற்பது மடங்கு கூடுதல் பெரிதாக்கத்தால் முடியாததை எட்டு மீட்டர் ஏற்றம் செய்தது.

லென்ஸைக் குறை சொல்ல மாட்டேன். 40 மடங்கு வரை விளிம்பு கூர்மை; அதற்கு மேல் படம் மங்கும், ஓரத்தில் லேசாக ஊதா படியும். மெல்லிய முக்காலி கடற்காற்றில் நடுங்கும், கனமானதாக வாங்குங்கள். நண்பகலில் மணல் சுட்டதும் பிம்பம் கொதிநீர்போல் அலையும். அப்போது 25 மடங்கைத் தாண்டாதீர்கள். புகைமூட்டத்தையும் உப்புத் திவலையையும் எந்தக் கண்ணாடியும் நீக்காது. பெருமழை விட்ட மறுநாள்தான் எனக்கு மிகத் தெளிவாக அமைந்தது.

தூரத்தை உண்மையில் கூட்டுவது உயரமும் சுத்தமான காற்றும்தான். பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரெனீஸ் மலையின் பினஸ்த்ரெல் சிகரத்தில் நின்று ஆல்ப்ஸின் கஸ்பார் சிகரத்தை 443 கி.மீ. தூரத்தில் படம் பிடித்திருக்கிறார்கள், 2016-இல். இரு பக்கமும் மலை உச்சி என்பதால் முடிந்தது.

காற்றே கணக்கை மாற்றுவதும் உண்டு. நிலத்திலிருந்து வந்த சூடான காற்று குளிர்ந்த நீரின் மேல் படிந்த ஒரு மாலை, அதே கடற்கரையில், அதே 2 மீட்டர் உயரத்தில், 30 கி.மீ. தள்ளிப்போன கப்பலின் மாடிக்கட்டு தெரிந்தது. ஒளி வழக்கத்தைவிடக் கூடுதலாக வளைந்திருக்கிறது. 0.0673 அன்று செல்லவில்லை. நோட்டில் நேரம், கண் உயரம், செயலி காட்டிய தூரம் மூன்றையும் எழுதினேன். தெரிந்த பகுதியைப் பேரன் பக்கத்தில் வரைந்து வைத்தான்.