லாசரஸை நம்பி மென்பொருள் விற்கலாமா?

பாஸ்கல் மொழியில் மென்பொருள் எழுத உதவும் கருவி லாசரஸ். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஒரே சோர்ஸ் (மூல நிரல்) போதும், அதே பாஸ்கல் வழிக் கருவியான டெல்ஃபி தெரிந்தவருக்கு உடனே பழகிவிடும். இதெல்லாம் இறக்கிப் பார்த்த அன்றே தெரிந்துவிடுகிற விஷயங்கள். வாடிக்கையாளரிடம் காசு வாங்கிவிட்டு வருடக்கணக்கில் அதே மென்பொருளைக் கட்டிக் காக்க வேண்டியவருடைய கேள்விகள் வேறு. 2012-இல் லாசரஸ் 1.0 வெளியான பிறகு டெல்ஃபியிலிருந்து இங்கே வந்தவன் நான். சரக்கு இருப்பும் பில்லிங்கும் பார்க்கிற டெஸ்க்டாப் மென்பொருள். இன்றும் விற்கிறது, இன்றும் லாசரஸில்தான் பில்ட் ஆகிறது.

முதலில் உரிமம். ஜிபிஎல், அதாவது சோர்ஸையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம், என்ற பெயரைக் கேட்டதுமே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். எழுதியதை இயங்கும் கோப்பாக மாற்றும் ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரும், நாம் உட்கார்ந்து எழுதுகிற லாசரஸ் ஐடிஇயும் ஜிபிஎல்தான். ஆனால் நம் எக்ஸ்இ கோப்புக்குள் போய் உட்காருவது கம்பைலர் இல்லை. நிரல் ஓடத் தேவையான ரன்டைம் லைப்ரரியும், பட்டன், பெட்டி போன்ற திரைப் பாகங்களைத் தரும் எல்சிஎல் என்கிற காம்போனென்ட் லைப்ரரியும்தான். அவை இரண்டும் ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லின் மாற்றியமைத்த வடிவத்தில் வருகின்றன. ஸ்டாட்டிக்காக, அதாவது எக்ஸ்இக்குள்ளேயே, இணைத்து, சோர்ஸைக் காட்டாமல் விற்க அதில் வெளிப்படையாகவே விலக்கு இருக்கிறது. லைப்ரரியையே திருத்தி அனுப்பினால் அந்தத் திருத்தத்தை மட்டும் கொடுக்க வேண்டும். கவனமாக இருக்க வேண்டியது வெளியிலிருந்து சேர்க்கிற பேக்கேஜ்களில். சிலது சுத்த ஜிபிஎல். பேக்கேஜின் விவரப் பக்கத்தில் உரிமம் எழுதியிருக்கும். நிறுவும் முன் அதைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும், வக்கீல் தேவைப்படாது.

அடுத்தது, எல்லாரும் கேட்கிற கேள்வி: "இது இன்னும் உயிரோடு இருக்கிறதா?" ஃப்ரீ பாஸ்கலின் 3.2.2 வெர்ஷன் வந்தது 2021 மே மாதம். 2025-இல் லாசரஸ் 4.0 வந்தபோதும் அதே 3.2.2 கம்பைலரோடுதான் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கைவிடப்பட்ட வீடு மாதிரி தெரியும். உண்மையில் வளர்ச்சிக் கிளையில் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. பெயரில்லா ஃபங்ஷன்கள் எல்லாம் அங்கே எப்போதோ வந்துவிட்டன. வெளியீடுதான் ஆமை வேகம். புது மொழி வசதிகளுக்கு ஏங்குபவருக்கு இது தலைவலி. எனக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: கம்பைலர் மாறியதால் உடைந்த நிரல் வரிகளைச் சரிசெய்ய நான் செலவழித்த நேரம் மிகக் குறைவு. பழைய ஃபார்ம்கள் அப்படியே திறக்கின்றன. ஃபார்மின் அமைப்பைச் சேமிக்கும் எல்எஃப்எம் கோப்பு வெறும் டெக்ஸ்ட் என்பதால், எப்போதாவது ஏதாவது பிராப்பர்டி பெயர் மாறியிருந்தால் எடிட்டரில் தேடி மாற்றிவிடலாம். கம்பைலரின் முழு சோர்ஸையும் ஐடிஇயையும் நம் மென்பொருளோடு சேர்த்தே காப்பகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆக்டிவேஷன் சர்வர் மூடிவிட்டார்கள், பழைய வெர்ஷனை இனி நிறுவ முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. நீண்டகாலப் பயன்பாடு என்று வரும்போது என் கணக்கில் இதுவே பெரிய வரவு.

செலவுப் பக்கம் இருப்பது கம்பைலரில் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் உலகம் நகர்வதில். ஒரு உதாரணம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் லினக்ஸ் வெர்ஷன் எச்டிடிபிஎஸ் வழியாக ஒரு சேவையோடு பேசும். அந்தப் பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல். அதன் 1.1.1 வெர்ஷனுக்கு ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. புது லினக்ஸ் விநியோகங்கள் அதற்கு முன்பே 3-க்குப் போய்விட்டன. ஃப்ரீ பாஸ்கல் 3.2.2-இன் ஓப்பன்எஸ்எஸ்எல் யூனிட் (பாஸ்கல் நிரல் கோப்பு) அந்த லைப்ரரியைத் தேடும்போது ஒரு வெர்ஷன் பட்டியலை வரிசையாகப் பார்க்கும். அந்தப் பட்டியலில் 3 கிடையாது. வேடிக்கை என்னவென்றால், புரோகிராமரின் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். டெவலப்மென்ட் பேக்கேஜ் நிறுவியிருப்பதால் வெர்ஷன் எண் இல்லாத 'லிப்எஸ்எஸ்எல்' இணைப்புக் கோப்பு அங்கே இருக்கும், யூனிட் அதைப் பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கணினியில் அது இருக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தொடங்க முடியவில்லை என்று நிரல் நின்றுவிடும். தீர்வு ஒரே வரி: அந்த யூனிட்டை நம் புராஜெக்டுக்குள் நகலெடுத்து, பட்டியலில் '.3' சேர்த்து பில்ட் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒரு வரி எங்கே என்று கண்டுபிடிக்க சோர்ஸுக்குள் இறங்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஓப்பன் சோர்ஸின் அருமை அந்த ஆள் கூட இருந்தால்தான் கைக்கு வரும்.

லினக்ஸில் இன்னொரு தொல்லை, திரையை வரைகிற லைப்ரரியான ஜிடிகே2. எல்சிஎல் அதில்தான் நெடுங்காலமாக நன்றாக ஓடியது. 2020 டிசம்பரில் ஜிடிகே4 வந்ததோடு ஜிடிகே2-இன் கதை முடிந்தது. நாங்கள் அதே வேலையைச் செய்யும் க்யூடிக்கு மாறினோம். மாற்றம் பெரும்பாலும் ஒரு பில்ட் தேர்வுதான், அப்புறம் 'லிப்க்யூடி5பாஸ்' லைப்ரரியையும் நிறுவியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மேக்கில் 2019-இல் காட்டலினா வெர்ஷன் 32-பிட்டைக் கைவிட்டபோது, ஆப்பிளின் பழைய திரை லைப்ரரியான கார்பனிலிருந்து கோக்கோவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கிரிட், ஃபோகஸ் சம்பந்தமான சில்லறைக் குறைகளைத் துரத்துவதற்கு நேரம் நிறையப் போனது. விண்டோஸில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. ஆன்டிவைரஸ் சில சமயம் நம் எக்ஸ்இயைச் சந்தேகிக்கும். டிஜிட்டல் கையொப்பம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. லாசரஸ் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் வைக்கிறது. டெல்ஃபி 2009 வெர்ஷனிலிருந்து யுடிஎஃப்-16. 'தமிழ்' என்ற சொல்லுக்கு லெங்த் கேட்டால் லாசரஸ் பைட்டை எண்ணி 15 என்று சொல்லும், யுடிஎஃப்8லெங்த் என்ற ஃபங்ஷன் யூனிகோட் குறிகளை எண்ணி 5 என்று சொல்லும், கண்ணுக்குத் தெரிவது மூன்றே எழுத்து. ரசீதில் பெயரை இத்தனை எழுத்துக்கு வெட்டு என்று டெல்ஃபியில் எழுதிய நிரலை அப்படியே கொண்டுவந்தால் எழுத்து பாதியில் அறுந்து கட்டம் கட்டமாக அச்சாகும். இந்த இடங்களைத் தேடித் திருத்துவதுதான் இடம்பெயர்வின் உண்மையான வேலை.

காம்போனென்ட் தேர்வில் நான் கடைப்பிடிக்கும் முறை கொஞ்சம் கஞ்சத்தனமானது. டேட்டாபேஸோடு பேச, கூடவே வருகிற எஸ்க்யூஎல்டிபி போதுமென்றால் வேறெதையும் சேர்க்க மாட்டேன். வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால், எழுதியவர் நாளை காணாமல் போனாலும் நாமே பராமரிக்கிற அளவுக்குச் சின்னதா என்று பார்ப்பேன். ஒரே ஆள் எழுதிய பிரமாண்டமான கிரிட் காம்போனென்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பாஸ்கல் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது மெய்தான். ஆனால் வேறு மொழியில் நன்றாக எழுதுகிறவர் சில வாரத்தில் இதைப் படித்துப் புரிந்துகொள்கிறார். அவரை இதிலேயே இருக்க வைப்பதுதான் சிரமம். சுயவிவரத்தில் பாஸ்கல் என்று எழுத இளையவர்கள் தயங்குகிறார்கள்.

வணிகரீதியில் யாராவது உருப்படியாகப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்பவர்களுக்கு: கோப்புகளைக் கையாளும் டோட்டல் கமாண்டரின் 64-பிட் வெர்ஷன் லாசரஸில் உருவானது. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள், பல வருடமாகச் சந்தையில் நிற்கிறது. கோப்புகளைச் சுருக்கும் பீசிப், கோப்புகளைக் கையாளும் டபுள் கமாண்டர் போன்ற ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் தனி.

மொபைல் செயலிக்கும் பிரவுசரில் ஓடுகிற திரைகளுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு அடியிலும் நீந்தித்தான் போக வேண்டும். எங்கள் மென்பொருளுக்கு மொபைல் பக்கம் வேண்டியிருந்தபோது அதை வேறு மொழியில் எழுதினோம். டேட்டாபேஸும் கணக்கு பார்க்கிற சர்வர் பகுதியும் லாசரஸிலேயே தொடர்கின்றன. கணினியில் நிறுவி ஓடுகிற, பத்து வருடம் நிற்க வேண்டிய வேலை ஒன்று நாளை வந்தாலும் லாசரஸில்தான் தொடங்குவேன். ஒரே நிபந்தனை, சோர்ஸைத் திறந்து பார்க்கப் பயப்படாத ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்; அவருடைய நேரத்தை ஒப்பந்தத் தொகையில் பராமரிப்புச் செலவாக முதலிலேயே சேர்த்துவிடுவேன்.