அப்பா அம்மாவை ஆறு மாதம் அமெரிக்கா அனுப்புகிறீர்களா? ஏஜென்ட் நிரப்பிய படிவத்தைப் பார்க்காமல் ஓடிபி சொல்ல விடாதீர்கள்

மகள் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ பெற்றோரை அமெரிக்கா அனுப்பத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருகிறேன் என்ற டிராவல் ஏஜென்ட்டிடம் எங்கள் குடும்பம் ஏமாந்தது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவின் பெயரில், அவருக்கே தெரியாமல், பொய்யை எழுதி வைத்திருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்கை டல்லாஸ் பக்கம் இருக்கிறாள், அது அவளுக்குத் தலைப்பிரசவம். அப்பாவுக்கு வயது 67, பல வருடமாகச் சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இதை மறைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மதுரையில் அந்த ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்த உடனேயே அப்பா அதைத்தான் சொன்னார், டாக்டர் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். "அதெல்லாம் கவர் ஆயிடும் ஐயா, ஐம்பதாயிரம் டாலருக்குப் பாலிசி போடுறோம், ஆஸ்பத்திரியில கார்டைக் காட்டினா போதும்" என்று சொல்லிவிட்டு, சீட்டைத் திருப்பிக் கூடப் பார்க்காமல் அப்பாவிடமே கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அப்பாவுக்குப் போன். "ஐயா, உங்க மொபைலுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க, பாலிசி ரெடி பண்ணிடறேன்." அப்பா சொன்னார். காசு கட்டியாகிவிட்டது, சொன்னபடி பாலிசி வருகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த நம்பர்தான் இப்போது கையெழுத்துக்குச் சமம், 'படிவத்தில் உள்ள எல்லாம் உண்மை' என்று அவர் ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

பாலிசி என்று கைக்கு வந்தது பிளாஸ்டிக் உறையில் இரண்டு தாள். பெயர், பாஸ்போர்ட் நம்பர், தேதி, கொட்டை எழுத்தில் 50,000 டாலர். மீதிப் பக்கங்கள் எங்கே என்று கேட்டதற்கு "அது வெறும் ரூல்ஸ் சார், எல்லாருக்கும் பொதுவானது" என்று பதில். முழு பாலிசியும் மெயிலில் போயிருக்கிறது, ஆனால் எங்கள் மெயிலுக்கு இல்லை. பாலிசியில் தொடர்பு முகவரியாக ஏஜென்ட் தன்னுடைய மெயில் ஐடியைக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய எல்லாமே அவர் பெட்டியில்தான் விழுந்தது.

அங்கே போய்க் கொஞ்ச நாளில் அப்பாவுக்குக் காலில் ஒரு சின்னக் காயம், புதுச் செருப்பு கடித்தது. சுகர்காரர்களுக்குக் காலில் புண் என்றால் என்ன ஆகும் என்று தெரியும். இரண்டு நாளில் கணுக்கால் வரை சிவந்து வீங்கி, காய்ச்சல், எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. அட்மிட் செய்து நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மருத்துவம் நன்றாகத்தான் பார்த்தார்கள், அப்பா தேறிவிட்டார், கால் பிழைத்தது. பில் 18,000 டாலருக்கு மேல்.

பாலிசியில் இருந்த உதவி எண்ணுக்குத் தங்கை அட்மிட் ஆன அன்றே சொல்லிவிட்டாள். ஆவணங்கள் கேட்டார்கள், கொடுத்தாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டில், இவருக்குப் பல வருடமாகச் சுகர் என்று இயல்பாகவே எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, முன்பே இருந்த நோயை மறைத்து எடுத்த பாலிசி என்று கிளைமை நிராகரித்துக் கடிதம் வந்தது. மறைத்தது யார் என்று கேட்டு, முன்மொழிவுப் படிவத்தின், அதாவது பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பத்தின், நகலைக் கம்பெனியிடமிருந்து வாங்கிப் பார்த்தோம். சுகர் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, இதய நோய் உண்டா, தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இல்லை, இல்லை, இல்லை. கீழே ஓடிபி மூலம் ஒப்புதல் பெறப்பட்டது என்று தேதியும் நேரமும். அம்மாவின் படிவமும் அப்படியே. அவருக்குத் தைராய்டு மாத்திரை உண்டு, அதற்கும் 'இல்லை'.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சுகர் உண்டு என்று போட்டால் சில கம்பெனிகளில் பிரீமியம் கூடும், சில இடங்களில் டாக்டர் சான்று, டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள், பாலிசி அன்றைக்கே கைக்கு வராது. 'இல்லை' என்று போட்டால் ஐந்து நிமிட வேலை, கமிஷன் உறுதி. கிளைம் என்று ஒன்று வந்தால் அது கடலுக்கு அந்தப் பக்கம், அவர் தலைவலி இல்லை. ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டபோது "ஓடிபி நீங்கதானே சார் கொடுத்தீங்க" என்றார். அப்பாவையே குற்றவாளி ஆக்கும் பதில் இது. நம்பிக் கேட்ட மனிதர் மேல் ஒரு தவறும் இல்லை, சீட்டை மேஜையில் வைத்தும் பொய் எழுதியவர் மேல்தான் தவறு, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இன்னொன்று, பாலிசியில் விற்பனை முகவர் பெயரும் குறியீட்டு எண்ணும் அச்சாகியிருக்கும். எங்கள் பாலிசியில் இருந்தது நாங்கள் பார்த்தே இராத ஒருவர் பெயர். இந்த ஆபீஸ்காரருக்கு இன்சூரன்ஸ் விற்க உரிமமே இல்லை, வேறொருவர் உரிமத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

உண்மையை எழுதியிருந்தாலும் முழுப் பணம் வந்திருக்காது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. கிடைக்காத அந்த 'ரூல்ஸ்' பக்கங்களில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி வரம்பு போட்டிருந்தார்கள்: அறைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, டாக்டர் ஃபீஸுக்கு இவ்வளவு, பரிசோதனைகளுக்கு இவ்வளவு. 50,000 டாலர் என்பது உச்ச வரம்பு மட்டும், ஒவ்வொரு செலவிலும் அதற்குரிய சின்ன வரம்பைத்தான் தருவார்கள், மீதி நம் தலையில். அமெரிக்காவில் விற்கும் விசிட்டர் பாலிசிகளிலும் இதே வித்தியாசம் இருக்கிறது. 'ஃபிக்ஸ்டு' வகை விலை குறைவு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் குறிப்பிட்ட தொகையோடு நின்றுவிடும். 'காம்ப்ரிஹென்சிவ்' வகை விலை கூட, ஆனால் நாம் கட்ட வேண்டிய முதல் பங்கு போக மீதி பில்லில் பெரும் பகுதியை ஏற்கும். பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் தருவோம், அதுவும் இந்த வயது வரை, இந்தத் தொகை வரை என்று நிபந்தனையும் இருக்கும். வயதான பெற்றோருக்கு வாங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

இதற்குப் பிறகு சந்தேகம் வந்து விசா விண்ணப்பத்தையும் எடுத்துப் பார்த்தோம். டிஎஸ்-160 படிவத்தில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி உண்டு. ஏஜென்ட் உட்கார்ந்து நிரப்பிய படிவத்தில் அதற்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறார். யார் நிரப்பிக் கொடுத்தாலும் கடைசியில் கையொப்பப் பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்க விதி, அதையும் அவரே அழுத்தியிருக்கிறார். எங்களுக்கு இதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. ஆனால் முன்பு விசா மறுக்கப்பட்டதையோ அங்கே இருக்கும் உறவினரையோ ஏஜென்ட் இப்படி மறைத்துவிட்டால், அது வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால், வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். ஏஜென்ட்டுக்கு இல்லை, படிவத்தில் பெயர் உள்ளவருக்கு.

விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஸ்லாட் பிடித்துத் தருகிறேன் என்று தனியாகப் பணம் வாங்குவதும் இதே ஆட்கள்தான். விசிட்டர் விசாவின் விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர் (2023 ஜூனிலிருந்து). அதைக் கட்டினால் அப்பாயின்ட்மென்ட் நாமே போடலாம். தானியங்கி மென்பொருள் வைத்துப் பிடித்த சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை 2025 மார்ச்சில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது. பத்து வருட விசா என்றால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் எங்களிடம் சொன்னார்கள், அது அப்பட்டமான பொய். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும்போதுதான் முடிவு செய்வார்கள், வழக்கமாக ஆறு மாதம், அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். இறங்கிய மறுநாளே அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் அதைப் பார்த்துவிடுங்கள். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் விசாவே செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுத் திரும்பினால் 3 வருடத் தடை, ஒரு வருடம் என்றால் 10 வருடம்.

மாத்திரை விஷயமும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக 90 நாளுக்கான மருந்து கொண்டுபோகலாம், அதற்கு மேல் தங்கினால் மீதியை டாக்டர் கடிதத்தோடு அனுப்பி வைக்கலாம் என்பது அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வழிகாட்டல். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டு ஹேண்ட்பேகில் இருக்கட்டும்.

பில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தங்கை செலவு வாரியான பில் கேட்டு வாங்கினாள், அதில் ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருந்தது, அதை நீக்கினார்கள். அது லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி. அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் எழுத்துபூர்வமான நிதியுதவித் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது, அதில் விண்ணப்பித்து ஒரு பங்கு குறைந்தது, மீதியைத் தவணையில் கட்டுகிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் இந்தக் கடிதங்களோடு அல்லாடியதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒன்று மட்டும் பயமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள்: இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காக அங்கே எமர்ஜென்சியில் பார்க்காமல் திருப்பி அனுப்ப முடியாது, 1986 முதல் அதற்குச் சட்டம் உண்டு. பணத்துக்குப் பயந்து பெரியவர்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இங்கே கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதினோம், பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள். இப்போது சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) புகார் போயிருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். முதல் நாள் மேஜையில் வைத்த டாக்டர் சீட்டு, ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்திகள், அவருடைய மெயில் ஐடி அச்சான பாலிசி எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே பாலிசி எடுத்துவிட்டவர்கள், விமானம் ஏறும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உங்கள் மெயிலிலிருந்து நேரடியாக எழுதி முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேளுங்கள், கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. நோய் பற்றிய பக்கத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து பாருங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் திருத்தக் கேளுங்கள், திருத்த மறுத்தால் பயணம் தொடங்கும் முன்பே ரத்து செய்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதிய கடிதத்தின் மாதிரி யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.