ஏழு வருஷ ஈஸி சேரும் நான்காவது துணியும்

போன வாரம் என் ஈஸி சேருக்கு மறுபடியும் துணி மாற்றினேன். அதே வாரம் ஆபீஸில் பக்கத்து சீட் தோழி கேட்டாள்: "முப்பதாயிரத்துக்கு ஒரு ரெக்லைனர் பார்த்து வெச்சிருக்கேன். நீ ஈஸி சேர்தானே வெச்சிருக்கே, எதுடி வாங்கலாம்?" சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை. இடுப்பு வேறு இன்னும் வலிக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

2018-ல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. 2,400 ரூபாய் சொன்னார், 1,800-க்குப் படிந்தது. "பர்மா தேக்கும்மா" என்றார். அந்தச் சந்தையில் எல்லா மரமும் பர்மா தேக்குதான். பிறகு ஒரு தச்சர் அடியில் சுரண்டிப் பார்த்து, "பூவரசு. ஆனா நல்லா உழைக்கும்" என்றார். இடுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் போட்ட பிறகுதான் வீட்டுக்குள் விட்டேன். மரச் சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். இன்று வரை ஒரு முளை ஆடவில்லை.

துணிதான் உயிரை வாங்குகிறது.

துணியின் இரண்டு முனைகளையும் மடித்துக் குழாய் மாதிரி தைக்க வேண்டும். சட்டத்தில் உள்ள நீள இடுக்கு வழியே அதை நுழைத்து, அந்தப் பக்கம் குழாய்க்குள் ஒரு உருட்டுக் கட்டையைச் செருகினால் மாட்டி நின்றுகொள்ளும். ஆணி கிடையாது, பசை கிடையாது. யோசித்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஆள் எடை மொத்தமும் தொங்குவது அந்த ஒரு வரித் தையலில். உட்காரும்போது பிரிந்தால் கூடச் சுதாரித்துக்கொள்ளலாம். அது பிரிவதெல்லாம் நாம் சாய்ந்து, காலை நீட்டி, கண் சொருகும் நேரத்தில்தான். பட்பட்டென்று நாலு தையல் விடும் சத்தம் கேட்கும். எழுந்திருக்க நினைப்பதற்குள் இடுப்பு தரையில் இருக்கும்.

கூடவே வந்த பழைய துணி மூன்றே மாதத்தில் போனது. அடுத்து நல்ல பருத்திக் கித்தான் போட்டேன். முதல் மாதத்திலேயே தொய்ந்து தொட்டில் மாதிரி ஆனாலும் அருமையான துணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. துணியோடு நனைந்த சேர் காய ஒரு வாரம் ஆனது. துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி, எவ்வளவு துவைத்தும் போகவில்லை. மடிப்பு உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய், பொங்கலுக்கு முன்பே என்னைக் கீழே போட்டது. சரி, இனி கிழியாததாகப் போடுவோம் என்று பாலியெஸ்டர் கலந்தது வாங்கினேன். கிழியவில்லைதான். ஆனால் ஏப்ரல் மாதம் அதில் பத்து நிமிஷம் சாய்ந்தால் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை வருஷம் பொறுத்தேன். கடைசியில் துணி அப்படியே இருக்க, அதிலும் தையல் நூல்தான் விட்டது. ஒரு டம்ளர் காபி என் மேல்.

தைப்பதற்கு ஆள் பிடிப்பது தனிக் கதை. ஜாக்கெட் தைப்பவர்கள் கித்தானைப் பார்த்தாலே ஊசி உடையும் என்று கை விரிப்பார்கள். பை, பைக் சீட் கவர் தைப்பவரிடம்தான் போக வேண்டும். நான் போனவர் அளவைக் காதில் வாங்காமல் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்தார். உட்கார்ந்தால் தரைக்கும் எனக்கும் ஒரு விரல்கடைதான். கேட்டதற்கு, "உட்கார உட்கார சரியாயிடும்மா" என்றார். துணி தொய்யும் என்பது போய், தானாகச் சுருங்கும் என்று நான் கேள்விப்பட்டது அன்றுதான்.

இவ்வளவு திட்டுகிறவள் ஏன் ஏழு வருஷம் வைத்திருக்கிறேன்? கிண்டியில் ஏறினால் தாம்பரம் வரை லேடீஸ் கோச்சில் நின்றபடிதான் வருகிறேன். அதற்கு முன் எட்டு மணி நேரம் ஆபீஸ் சுழல் நாற்காலியில் கணக்கு வேலை. ஏழு மணிக்குக் கை கால் கழுவி, காபியோடு இதில் சாய்ந்தால், பின்னங்கழுத்து முதல் முட்டிக்கால் வரை துணி அப்படியே ஏந்திக்கொள்ளும். எந்த இடமும் தனியாக அழுந்தாது. கட்டிலில் படுத்தால் இந்தச் சுகம் இல்லை, உடனே தூக்கம்தான் வருகிறது. இதில் தூக்கத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிற்கலாம்.

இன்னொன்று, வாங்கும்போது எதிர்பார்க்காதது: இதில் உட்கார்ந்து வேலை பார்க்கவே முடியாது. 2020 ஊரடங்கில் லேப்டாப்பை மடியில் வைத்து முயன்று பார்த்தேன். மடி சரிவு, லேப்டாப் வயிற்றுக்கு வந்து இடிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும். போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுச் சாய்ந்தால், மணி அடித்தாலும் எழுந்து போவதற்குள் நின்றுவிடும். இந்தக் குழியிலிருந்து எழுவது அவ்வளவு பாடு. மேனேஜரிடம் "கவனிக்கல சார்" என்று நான் சொல்வதில் பாதி உண்மை.

எங்கள் தாத்தா வீட்டில் ஈஸி சேர் அவருக்கு மட்டும்தான். அவர் ஊரில் இல்லாத நாளில் கூடப் பாட்டி அதன் பக்கத்தில் தரையில்தான் உட்காருவாள். நான் இதை வாங்கி வந்த அன்று என் மாமியார், "பொம்பளைங்க சாயறதா அது?" என்று கேட்டார். இப்போது மதியம் முழுக்க அவர்தான் அதில். நான் வரும்போது துணி இளஞ்சூடாக இருக்கும்.

ஆக, தோழி, நீ ரெக்லைனரே வாங்கிக்கொள். வாரண்டி தருவான், கீழே போட மாட்டான். ஈஸி சேர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் மட்டும் இதைக் கேள். பருத்திக் கித்தானை வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடு, இல்லாவிட்டால் முதல் துவையலில் சுருங்கும். முனை மடிப்பை நைலான் நூலில் மூன்று வரி தைக்கச் சொல், தைக்கும்போது பக்கத்திலேயே நில். மாதம் ஒருமுறை கட்டையை உருவி மடிப்பைப் பார். நான் பார்க்கவில்லை.

இந்த முறை துணி ஒரு மீட்டர் மிஞ்சிவிட்டது, பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது. சேருக்குப் பத்தாது. காய்கறிப் பை வேண்டுமானால் திங்கட்கிழமை கொண்டு வருகிறேன், தைக்கிற ஆளை மட்டும் நீயே பிடித்துக்கொள்.