இடப்பக்கமா, வலப்பக்கமா: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உறங்கும் நிலை

கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலிருந்து, மல்லாந்து உறங்கச் செல்வதைத் தவிர்த்து ஒருக்களித்துப் படுக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். எந்தப் பக்கம் என்று கேட்டால், பலரும் தயங்காமல் இடப்பக்கத்தைச் சொல்வார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் கீழ்ப்பெருஞ்சிரை முதுகெலும்புக்குச் சற்று வலப்புறமாக அமைந்திருப்பதால், இடப்புறம் சாயும்போது கருப்பையின் பாரம் அதிலிருந்து விலகுகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இடப்பக்கமே இதமானது. வலப்புறம் படுத்தால் இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் எளிதாக ஏறிவிடும்.

இதனால் வலப்பக்கம் ஆபத்தானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குழந்தை இறந்து பிறக்கும் அபாயத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரு பக்கங்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. அபாயம் கூடுதலாக இருந்தது மல்லாந்து உறங்கச் சென்றவர்களிடம்தான். இரவு முழுவதும் ஒரே பக்கம் படுத்து இடுப்பும் தோளும் வலிக்கும்போது வலப்பக்கம் திரும்பிக்கொள்வது, என் பார்வையில், இடப்பக்கத்தையே பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு தூக்கத்தை இழப்பதைவிட மேலானது.

எப்பக்கமாயினும் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும், வயிற்றுக்கு அடியில் மெல்லிய ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். இடையில் விழித்து, மல்லாந்திருப்பதை உணர்ந்தால், பதறாமல் மீண்டும் ஒருக்களித்துக்கொண்டால் போதும்; பகலில் சிறிது கண்ணயர்வதற்கும் இதே முறை பொருந்தும்.