அமிட்டிவில் வீடு: மூன்று ஆவணப்படங்களும் ஆறு பெயர்களும்

சென்ற பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, ஒரே குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டு, பிறகு பேய் வீடு என்று பேர் பெற்ற அமெரிக்காவின் அமிட்டிவில் வீட்டைப் பற்றிய மூன்று ஆவணப்படங்களை நானும் அம்மாவும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் பிடிபடாது. நாங்கள் பார்த்தவற்றில் தமிழ் வசன வரிகளும் இல்லை. எனவே அவ்வப்போது படத்தை நிறுத்தி, நடப்பதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும்போது, ஒரு படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. முதல் நாள் இரவு, பேயைப் பற்றி நான் நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா இடைமறித்து, “பேய் கெடக்கட்டும்யா, செத்துப்போன அந்தப் பிள்ளைங்க பேரு என்ன?” என்று கேட்டார். என்னால் உடனே சொல்ல முடியவில்லை. மூன்று படங்களையும் அந்தக் கேள்வியைக் கொண்டே நான் அளக்கிறேன்.

அவர்களின் பெயர்கள் டான், அலிசன், மார்க், ஜான் மேத்யூ. வயது முறையே 18, 13, 12, 9. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஓஷன் அவென்யூ 112-ஆம் எண் வீட்டில், 1974 நவம்பர் 13-ஆம் தேதி விடியற்காலையில், 23 வயதான மூத்த மகன் ரொனால்ட் டிஃபியோ தன் தந்தை ரொனால்டையும் தாய் லூயிஸையும் இந்த நான்கு பேரையும் அவரவர் படுக்கையிலேயே துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். பெற்றோரை இரண்டு முறையும் பிள்ளைகளை ஒரு முறையும் சுட்டிருந்தான். ஆறு உடல்களும் குப்புறக் கிடந்தன. வேட்டைக்குப் பயன்படும் அந்த மார்லின் துப்பாக்கியின் பேரோசை அக்கம்பக்கத்தாரின் காதில் விழவில்லை என்பதும், நாய் குரைத்தது மட்டும் கேட்டது என்பதும் இன்றுவரை பேசப்படுகின்றன. அன்று மாலை அருகிலிருந்த மதுக்கடைக்கு ஓடி, தன் தாய் தந்தையரை யாரோ சுட்டுவிட்டதாகக் கூறி உதவி கேட்டவனும் அவனே. மறுநாள் காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மனநிலை சரியில்லாதவன் என்ற வாதம் எடுபடவில்லை. 1975 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2021-இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தான்.

தீர்ப்பு வந்து ஒரு மாதத்திற்குள், 1975 டிசம்பரில், ஜார்ஜ் லட்ஸும் அவர் மனைவி கேத்தியும் மூன்று பிள்ளைகளோடு அந்த வீட்டில் குடியேறினார்கள். வீட்டின் விலை 80,000 டாலர். மேலும் 400 டாலர் கொடுத்து, இறந்தவர்களின் மேசை நாற்காலி முதலிய சாமான்களையும் வாங்கிக்கொண்டார்கள். இதை நான் சொன்னபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவு விழுந்த வீட்டில் சாந்தி செய்யாமல் அடுப்பு மூட்டுவதையே எண்ணிப் பார்க்க முடியாத நம்மவருக்கு, லட்ஸ் குடும்பம் சொன்ன எந்தப் பேய்க் கதையையும்விட அந்த 400 டாலர்தான் திகிலூட்டுகிறது. வீட்டில் பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லி 28 நாட்களில் அவர்கள் வெளியேறினார்கள். அந்தக் கதையை வைத்துப் பிறகு வந்த புத்தகமும் 1979-ஆம் ஆண்டுத் திரைப்படமும் அவ்வீட்டை உலகறியச் செய்தன.

முதலில் பார்த்தது, எரிக் வால்ட்டர் இயக்கி 2012-இல் வெளிவந்த ‘மை அமிட்டிவில் ஹாரர்’. குடியேறியபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்த டேனியல் லட்ஸ், நடுவயதில் கேமராவின் முன் அமர்ந்து பேசுகிறார். இதைப் பேய்ப்படம் என்று நினைத்து உட்காருபவர்கள் ஏமாந்து போவார்கள். மாற்றாந்தந்தையின் மேல் தீராத கோபத்தோடு வளர்ந்த ஒரு பிள்ளையின் வாக்குமூலமாகவே இது எனக்குப் பட்டது. ஜார்ஜ் தொடாமலேயே பொருள்களை நகர்த்தக்கூடியவர் என்று டேனியல் சொல்லும்போது, அதை நம்புவதா என்பதைவிட, அந்த மனிதரிடம் அவர் எவ்வளவு அஞ்சியிருக்கிறார் என்பதே மனத்தில் தைக்கிறது. பொய்யறியும் சோதனைக்கு உடன்படுவீர்களா என்ற கேள்வி எழும் இடத்தில் அவர் முகம் இறுகிச் சினம் கொள்வதைக் கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரை ஏளனம் செய்யாமலும், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமலும் இயக்குநர் நடந்துகொண்ட விதம் பாராட்டுக்குரியது. ஆயினும் அம்மாவின் கேள்விக்கு இப்படத்தில் விடை மிகக் குறைவு. டிஃபியோ குடும்பம் ஒரு முன்கதையாக மட்டும் வந்து மறைகிறது. படம் முடிந்தபின் நான் கைப்பேசியில் தேடித்தான் அந்த நான்கு பெயர்களையும் அம்மாவிடம் சொன்னேன்.

அந்தக் குறையை நிறைவு செய்வது ரயன் காட்சன்பாக் இயக்கிய ‘ஷாட்டர்ட் ஹோப்ஸ்’. மூன்று பாகங்கள், நடிகர் எட் ஆஸ்னரின் கனத்த குரல் கதையை நடத்திச் செல்கிறது. டிஃபியோ வீட்டின் முன்னால் ‘உயர்ந்த நம்பிக்கைகள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்ப்பலகை ஒன்று நின்றது. அது சிதைந்ததையே தலைப்பு சுட்டுகிறது. அடிக்கும் தந்தை, அவருக்கும் மகனுக்கும் இடையே நாளுக்கு நாள் முற்றிய சண்டை, காவல்துறை விசாரணையில் எழுந்த ஐயங்கள் என்று படம் பொறுமையாகத் தோண்டுகிறது. நடித்துக் காட்டும் காட்சிகள் அளவுக்கு மீறியவை என்பதும், ஒரு பாகத்தையேனும் சுருக்கியிருக்கலாம் என்பதும் என் கருத்து. ஆனாலும் இதைப் பார்த்து முடிக்கும்போது இறந்தவர்கள் நமக்கு அறிமுகமானவர்கள் ஆகிவிடுகிறார்கள். மாடிப்படிச் சுவரில் தந்தை ஆசையோடு வரைவித்து மாட்டியிருந்த குடும்ப ஓவியங்களைப் பற்றிச் சொன்னபோது, அம்மா சற்று நேரம் படத்தை ஓடவிட வேண்டாம் என்றார்.

2023-இல் வெளிவந்த ‘அமிட்டிவில்: ஆன் ஆரிஜின் ஸ்டோரி’ நான்கு பகுதிகளைக் கொண்ட தொடர். கொலையையும் பேய்க் கதையையும் ஒரே நூலில் கோத்து, அக்காலத்து ஊடகப் பசியையும் சேர்த்துக் காட்டுவதால், முதன்முதலாக அறிய விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம். படத்தொகுப்பு தேர்ந்தது, ஆனால் திகில் இசையை அது கைவிடவே இல்லை. கண்களைப் போன்ற அந்த மாடி ஜன்னல்களும் திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டுகின்றன.

எந்தப் படத்தைப் பார்ப்பவரும் சில செய்திகளை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். டிஃபியோவுக்காக வாதாடிய வழக்கறிஞர் வில்லியம் வெபர், பல புட்டி ஒயினுக்கு நடுவே லட்ஸ் தம்பதியரும் தானும் சேர்ந்து உருவாக்கியதே அந்தப் பேய்க் கதை என்று 1979-இல் கூறினார். அதே ஆண்டில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீனும், அப்புத்தகம் பெருமளவு புனைவாகவே தோன்றுகிறது என்றார். லட்ஸ் குடும்பத்துக்குப் பின் அங்கே வாழ்ந்த குரோமார்ட்டி குடும்பத்தினர், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத் தவிர வேறெந்தத் தொல்லையையும் தாங்கள் அறியவில்லை என்றனர். அந்தக் கூட்டத்துக்காகவே பின்னாளில் வீட்டின் எண் மாற்றப்பட்டது; கண் போன்ற ஜன்னல்களும் மாற்றப்பட்டன.

இதையெல்லாம் பினாங்கில் இருந்துகொண்டு பார்க்கும் எனக்கு நிபோங் திபால் நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. அங்கே கலிடோனியா தோட்டத்தில் நிற்கும் 99 கதவு பங்களாவை இன்று எல்லோரும் பேய் வீடு என்றே அறிந்திருக்கிறார்கள். இளைஞர்கள் இரவில் கைவிளக்கோடு போய்க் காணொளி எடுக்கிறார்கள். 1948-இல் அங்கே ஜான் ராம்ஸ்டன் என்ற தோட்டத் துரை சுட்டுக் கொல்லப்பட்டதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கதவுகளை எண்ணத் தொடங்குகிறார்கள். அந்த வட்டாரத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு அந்தப் பங்களா, அருகே போகக் கூடாது என்று பெரியவர்கள் எச்சரித்த இடம். அதற்கு அவர்கள் சொன்ன முதல் காரணம் துரையின் வீடு என்பது, பேய் பிறகுதான் வந்தது. அந்த மரணத்தையும், அதைச் சுற்றியிருந்த பால்மரத் தொழிலாளர்களின் வாழ்வையும், ‘ஷாட்டர்ட் ஹோப்ஸ்’ காட்டும் பொறுமையோடு நம்மில் யாராவது படமாக்க வேண்டும். அந்த லயங்களில் வாழ்ந்தவர்களிடம் இப்போதே போய்க் கேட்டால் கிடைக்கும்.

பார்க்க விரும்புவோர் 2023-ஆம் ஆண்டுத் தொடரில் தொடங்கி, பிறகு ‘ஷாட்டர்ட் ஹோப்ஸ்’ பார்த்து, டேனியலின் படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது; அந்த வரிசையில் பார்த்தால், அவர் பேசும்போது அவர் விளையாடிய அறைகள் யாருடையவை என்பது நமக்குத் தெரிந்திருக்கும். சிறு பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் அம்மா கேட்டதற்காக நான் எழுதிக் கொடுத்த அந்த நான்கு பெயர்களும் இன்னும் இருக்கின்றன. பெற்றோரின் பெயர்களையும் அவரே தம் கையால் கீழே சேர்த்திருக்கிறார்.