பக்லாவா: பிஸ்தாவா, வால்நட்டா?

மெல்லிய மாவுத் தாள்களுக்கிடையே பருப்பு தூவிச் சுட்டு, பாகு ஊற்றும் இனிப்பு பக்லாவா. அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டை ஓயாது. 2006இல் ஐரோப்பிய விழா ஒன்றில் அதைச் சைப்ரஸின் இனிப்பாகக் காட்டியதும் துருக்கிய பக்லாவா தயாரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2013இல் துருக்கியின் காசியான்தெப் நகரின் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. ஆனால் ரமலான் 15ஆம் நாள் பத்து வீரருக்கு ஒரு தட்டு என்று படைக்கு பக்லாவா கொடுத்த உஸ்மானிய அரண்மனையின் ஆட்சியில்தான் கிரேக்கரும் அரபிகளும் ஆர்மீனியரும் வாழ்ந்தார்கள். அதனால் ‘யாருடையது’ என்பதை விட்டுவிட்டு, எதில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். முக்கிய வித்தியாசம் பருப்பிலும் அதற்கேற்ற பாகிலும் இருக்கிறது.

காசியான்தெப்பில் பாகு என்றால் சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை. அவ்வளவுதான். எலுமிச்சை புளிப்புக்காக அல்ல, பாகு மீண்டும் சர்க்கரையாக உறையாமல் இருக்க. ஏலமில்லை, பட்டையில்லை, தேனுமில்லை. காரணம் உள்ளே இருக்கும் பிஸ்தா. முற்றுமுன்பே பறித்த, சின்னதாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும் காய் அது. மணம் தூக்கலாக இருக்கும். வேறு எந்த வாசனை சேர்ந்தாலும் அதை அமுக்கிவிடும். மாவுச்சத்தைத் தூவி, மெல்லிய நீண்ட உருளையால், பின்னால் இருப்பது தெரியும் அளவுக்குத் தேய்த்த ‘யுஃப்கா’ என்ற மாவுத் தாள்கள் ஏறக்குறைய நாற்பது அடுக்கு. நடுவே பாலில் காய்ச்சிய ரவைக் கூழ் மெலிதாக. மேலே ஆட்டுப்பால் நெய். முள்கரண்டியால் குத்தினால் சரசரவென்று சத்தம் வரவேண்டும். வரவில்லையென்றால் அது பழையது, அல்லது பாகு அதிகம்.

கிரேக்கர்கள் கதை வேறு. அவர்களுடையது வால்நட். அதன் தோலில் லேசான கசப்பு உண்டு. வெறும் சர்க்கரைப் பாகு அதைச் சமாளிக்காது. ஆகவே உள்ளே பட்டையும் கிராம்பும், பாகில் தேனும் ஆரஞ்சுத் தோலும். தேன் சேர்ந்ததால் மொறுமொறுப்பு குறைவு, ஈரம் அதிகம். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறுநாள் பாகு ஊறி, பட்டையின் மணம் அடுக்குக்குள் இறங்கிய பிறகு, கடுங்காப்பியோடு சாப்பிட இதற்கு ஈடு இல்லை.

லெபனான், சிரியா பக்கம் பாகில் பன்னீரோ ஆரஞ்சுப் பூநீரோ சேர்ப்பார்கள். ஊற்றும் அளவும் குறைவு. அதனாலேயே பல நாள் மொறுமொறுப்பு நிற்கும். வளைகுடாவிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் பெட்டிகளில் பல இந்த வகைதான். ஈரானின் யஸ்த் நகரில் பாதாமும் ஏலமும். அஜர்பைஜானின் தலைநகரான பாக்கூவில், வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகைக்குச் செய்வது தடித்த அடுக்கு, மேலே குங்குமப்பூ கலந்த முட்டை மஞ்சள்கரு, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு பருப்பு. பெயர் ஒன்றானாலும் அதை வேறு பலகாரமாகவே கருதுகிறேன்.

என் தேர்வு? கடையில் வாங்குவதானால் காசியான்தெப் வகை. அந்தத் தாளை வீட்டில் தேய்க்க முடியாது. வீட்டில் செய்வதானால் கிரேக்க வகை; கடையில் கிடைக்கும் உறைந்த ஃபிலோ என்ற மெல்லிய மாவுத் தாளும் வால்நட்டும் போதும். சூடான தட்டில் ஆறிய பாகு, அல்லது ஆறிய தட்டில் சூடான பாகு. வீட்டுக்கு இதுவே பத்திரம். எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். நெய் உறைந்து அடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.