தைப்பேயின் மங்கோலிய-திபெத்தியப் பண்பாட்டு மையம்: போய்ப் பார்க்கலாமா?

ஜப்பானியர் காலத்து வீடுகளுக்குப் பேர்போன சிங்தியான் தெருவை ஒட்டிய சந்தில் உள்ள இந்தச் சிறிய மையத்தைத் தைவானின் பண்பாட்டு அமைச்சகம் நடத்துகிறது. திபெத்திய, மங்கோலியக் கலைப்பொருள்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு முற்பகல் போதும். ஆனால் இந்த இடத்தின் உண்மையான சுவை, இது எந்த அலுவலகத்தின் எச்சம் என்பதை அறிந்து செல்பவர்களுக்கே கிட்டும்.

அன்று சீனாவை ஆண்ட சீனக் குடியரசு அரசின் மங்கோலிய-திபெத்திய விவகார ஆணையம் என்ற அந்த அலுவலகத்துக்கு அமைச்சர் நிலையில் ஒரு தலைவர் இருந்தார். அத்தலைவர்களுள் முதன்மையானவர் 1936 முதல் 1944 வரை பொறுப்பில் இருந்த வூ சோங்சின். பதினான்காவது தலாய் லாமாவின் அரியணையேற்றத்துக்காக இந்தியா வழியாகப் பயணப்பட்டு லாசாவை அடைந்த அவர், 1940 பிப்ரவரி 22 அன்று அந்த விழாவில் கலந்துகொண்டார். விழாவுக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான் என்று சீனத் தரப்பு நெடுங்காலம் சொல்லிவந்தது. திபெத்தியரும், அப்போது லாசாவில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி பேசில் கூல்டும் அதை ஏற்கவில்லை. ஒருவர் விருந்தினராக வந்தாரா, மேலதிகாரியாக வந்தாரா என்ற இந்த வழக்கில்தான் திபெத் பற்றிய சச்சரவு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். லாசாவில் ஆணையத்தின் அலுவலகம் ஒன்றைத் திறந்துவைத்தது மட்டும் அவர் கண்ட உறுதியான பலன். அதையும் 1949இல் திபெத்திய அரசு வெளியேற்றிவிட்டது. வூ பின்னர் சின்ஜியாங் மாகாண ஆளுநராகி, 1959இல் தைப்பேயில் காலமானார்.

1949இல் சீனக் குடியரசு அரசு தைவானுக்குப் பெயர்ந்த பின் ஆணையமும் அங்கேயே தொடர்ந்தது: கையில் ஒரு சாண் நிலமும் இல்லாத திபெத்துக்கும், தனி நாடாகிவிட்ட மங்கோலியாவுக்கும் ஓர் அமைச்சர்! 2016இல் இப்பொறுப்பை ஏற்ற லின் மெய்-சூ மறு ஆண்டே தொழிலாளர் அமைச்சராகச் சென்றார் என்பதே அந்த நாற்காலியின் கனத்தைக் காட்டும். 2017 செப்டம்பரில் ஆணையம் மூடப்பட்டு, நிர்வாகப் பணிகள் சீனாவுடனான உறவுகளைக் கவனிக்கும் சீனப் பெருநில விவகாரக் குழுவுக்கும், பண்பாட்டுப் பணிகள் பண்பாட்டு அமைச்சகத்துக்கும் சென்றன. இந்தப் பிரிப்பு மிகச் சரியானது என்பது என் கருத்து. ஆள முடியாத நிலத்தின் பேரில் துறை நடத்துவதைவிட, அதன் கலையைப் பேணுவது நேர்மையான வேலை.

பெரிய அருங்காட்சியகத்தை எதிர்பார்ப்பவர்கள் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துக்கே போகலாம். வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள் வூவின் லாசா பயணத்தைப் பற்றி முன்னதாகச் சிறிது படித்துவிட்டு, தோங்மென் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம்.